கொடுங்காட்டில் எழுந்த தேவாலயம்

ஆப்பிரிக்க நாவல்களைப் பற்றிப் பேசுவோர் சினுவா ஆச்சிபியின் பெயரை முதலிற் கூறுவது வழக்கமாகிவிட்டது. 1958இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய முதல் நாவல் உலக மொழிகள் பலவற்றிலும் பெயர்க்கப்பட்டு, ‘சிதைவுகள்’ என்னும் பெயரில் தமிழுக்கும் வந்துள்ளது. ஆயினும் அதனைப் பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் அமைந்துவிடுகின்றன. நல்லதொரு சிற்றூர் இருந்தது, வெள்ளைப் பாதிரியார் வந்தார், தேவாலயம் எழுப்பினார், ஊர் சிதைந்தது. தேர்வுத்தாளுக்கு இவ்வளவு போதும். ஆனால், அந்தத் தேவாலயம் எந்த நிலத்தில் எழுந்தது, அதற்குள் முதலில் நுழைந்தவர் யாவர் என்னும் இரண்டு வினாக்களைக் கேளாதவர் அந்நாவலின் நடுப்பகுதியைப் புரட்டிச் சென்றவரே ஆவர்.

கதை நிகழும் இடம் நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதியாகிய இக்போ நாடு. நைசர் ஆற்றங்கரையிலுள்ள ஒனிட்சாவில் 1857இல் கிறித்தவ ஊழியம் தொடங்கியது. அதனைத் தொடங்கி வைத்தவர் ஐரோப்பியர் அல்லர் என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. சாமுவேல் அஜாயி குரோதர் யொருபா இனத்தவர். இளமையில் அடிமையாகப் பிடிபட்டு விற்கப்பட்டு, 1822இல் ஆங்கிலக் கடற்படையினரால் மீட்கப்பட்டு, சியரா லியோனில் கல்வி கற்றவர். 1864இல் பேராயராக உயர்ந்தவர். ஒனிட்சாவில் அவர் விட்டுச் சென்ற ஜான் கிறிஸ்டோபர் டெய்லர், சியரா லியோனில் குடியேறிய இக்போ வழியினர். ஆச்சிபியின் கதையில் வெள்ளையர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போக, ஊரில் தங்கிச் சபையைக் கட்டிக் காப்பவர் கியாகா என்னும் இக்போ உபதேசியாராகவே இருப்பது வரலாற்றோடு பொருந்துகின்றது.

ஆச்சிபி 1930இல் ஒகிடி என்னும் ஊரில் உபதேசியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவருடைய குடும்பத்து மூத்தவர் ஒருவரே ஒகிடிக்கு வந்த முதல் ஊழியர்களுக்குத் தம் வளாகத்தில் இடம் அளித்தவர். சில நாட்களிலேயே அவர்களை வேறிடம் போகச் சொல்லிவிட்டார். அவர்கள் பாடிய பாட்டுகள் அத்துணைத் துயரமாய் இருந்தமையால், தம் வீட்டில் இழவு விழுந்ததென்று அக்கம்பக்கத்தார் எண்ணக்கூடும் என்பது அவர் கூறிய காரணம். இச்செய்தியை ஆச்சிபியே தம் கட்டுரை ஒன்றில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். இடம் கொடுத்த முதியவர், அச்சபையில் வளர்ந்து உபதேசியாரான தந்தை ஆகிய இருவர் குருதியும் ஓடிய ஒருவர் எழுதிய கதையில் ஒருபக்கச் சார்பை எதிர்பார்ப்பது பொருந்தாது.

நாவலுக்கு வருவோம். தற்செயலாக ஓர் இளைஞனைக் கொன்றமைக்காக ஏழாண்டு ஊர்விலக்குப் பெற்ற ஒகொன்க்வோ, தாயின் ஊராகிய எம்பாண்டாவில் வாழ்கின்றான். அவ்வூருக்கு வெள்ளையர் ஒருவரும் கறுப்பர் ஐவரும் வருகின்றனர். வெள்ளையரின் உரையை மொழிபெயர்ப்பவரும் இக்போவே. ஆயினும் அவர் பேசுவது வேறு வட்டார வழக்கு. ‘நானே’ என்று அவர் சொல்லும் சொல் எம்பாண்டாவில் ‘என் பிட்டம்’ என்று பொருள்படுகின்றது. கூட்டம் சிரிக்கின்றது. இதனை வெறும் வேடிக்கையாகக் கொண்டு நகர்தல் கூடாது. மொழியாசிரியர் சற்றே நிற்க வேண்டிய இடம் இது. இக்போ வழக்குகள் பலவற்றைக் கலந்து ஆக்கப்பட்ட பொதுமொழியில் 1913இல் விவிலியம் வெளிவந்தது. யாருக்கும் தாய்மொழியாகாத அம்மொழி இக்போவின் வளர்ச்சிக்குத் தடையாயிற்று என்று ஆச்சிபி 1999இல் ஓவெரி நகரில் ஆற்றிய உரையில் கடிந்து பேசினார். இளமையில் நகைச்சுவையாக எழுதியதை அவர் முதுமையிற் சினந்து கூறினார் எனலாம்.

பேச்சு எடுபடவில்லை, வந்தவர்கள் தேவாலயம் கட்ட நிலம் கேட்கின்றனர். ஊர்ப் பெரியோர் கூடிக் கொடுங்காட்டில் ஒரு பகுதியைத் தருகின்றனர். தொழுநோய், பெரியம்மை போன்ற கொடிய நோய்களால் இறந்தோரைப் புதைக்கும் காடு அது. பெரிய மந்திரவாதிகள் இறந்தபின் அவர்களுடைய மந்திரப் பொருள்களையும் அங்கேதான் எறிவர். அறிவுள்ள எவரும் அதனை ஏற்கமாட்டார் என்பது பெரியோரின் கணக்கு. வந்தவர்களோ நன்றி கூறி, பாட்டுப் பாடிக்கொண்டு மரங்களை வெட்டத் தொடங்குகின்றனர். நான்கு நாட்களில் மாண்டுபோவர் என்று ஊர் எதிர்பார்த்தது. ஒருவரும் சாகவில்லை. முதல் மூவர் சபையிற் சேர்ந்தனர். தெய்வங்கள் பொறுத்திருக்கும் எல்லை ஏழு சந்தை வாரங்கள், அதாவது இருபத்தெட்டு நாட்கள் என்றனர். அதுவும் கழிந்தது. மேலும் சிலர் சேர்ந்தனர்.

இங்கு வாதத்தால் ஒருவரும் வெல்லப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. மூவொருமைத் தத்துவத்தைக் கேட்ட ஒகொன்க்வோ, பேசுபவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே முடிவு செய்கின்றான். ஊரின் நம்பிக்கைக்கு ஊரே ஒரு தேர்வு வைத்தது, நாள் குறித்தது, தான் வைத்த தேர்வில் தானே தோற்றது. அழிப்பதற்கென்று கொடுத்த நிலமே வேரூன்ற இடமாயிற்று.

அதன்பின் வருபவர் யார்? முதற்பெண் நெக்கா. நிறைமாதக் கர்ப்பிணி. முன்னர் நான்குமுறை கருவுற்று, நான்குமுறையும் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றவள். இரட்டையர் பிறப்பது நிலமகளுக்கு எதிரான குற்றமென்று கருதிய ஊர், அக்குழந்தைகளை உடனுக்குடன் காட்டில் எறிந்துவிட்டது. அவள் ஓடிப்போய்ச் சபையிற் சேர்ந்தபோது கணவன் வீட்டார் பெரிதாகக் கலங்கவுமில்லை. தொல்லை விட்டது என்றே இருந்தனர். ஒரு பத்திக்குள் ஆச்சிபி இதனைச் சொல்லி முடித்துவிடுகின்றார். சொல்லாமல் விட்டது நெஞ்சை அறுக்கின்றது: தன் குழந்தைகள் எட்டும் எறியப்பட்ட காட்டை நோக்கியே அத்தாய் ஐந்தாவது கருவைக் காக்க ஓடினாள்.

ஆயினும் இங்கே நாவலாசிரியர்மீது ஒரு குறையும் கூறவேண்டியுள்ளது. அந்த ஒரு பத்தியோடு நெக்கா மறைந்துவிடுகின்றாள். அவள் பெற்றது ஒரு குழந்தையையா, இருவரையா? அவர்கள் வளர்ந்தனரா? ஒகொன்க்வோவின் கிழங்குத் தோட்டத்துக்கும் மற்போருக்கும் எத்தனையோ பக்கங்களை ஒதுக்கியவர், இப்பெண்ணுக்கு மேலும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். ஊரின் ஆண்கள் பேசாததை ஆசிரியரும் பேசாது விட்டார் என்று சொல்வது தவறாகாது.

ஒகொன்க்வோவின் மூத்த மகன் நுவோயேயின் மாற்றம் இதனினும் நுட்பமானது. மாணவர் பலர் அவனைத் துரோகி என்றே எழுதுகின்றனர். அவன் உள்ளத்தைத் தொட்டது கொள்கையன்று. இருளிலும் அச்சத்திலும் அமர்ந்திருக்கும் உடன்பிறந்தாரைப் பற்றிய ஒரு பாட்டு. காட்டில் அழுத இரட்டைக் குழந்தைகள் பற்றியும், கொல்லப்பட்ட இகெமெஃபுனா பற்றியும் அவனுக்குள் எழுந்திருந்த கேள்விக்கு அப்பாட்டு விடைபோல் ஒலித்தது. மூன்றாண்டு தன் வீட்டில் அண்ணனாக வளர்ந்த அச்சிறுவனை, தெய்வவாக்கின் பெயரால் ஊரார் கொன்றபோது, கோழையெனக் கருதப்படுவோமோ என அஞ்சி ஒகொன்க்வோவும் வெட்டினான். அன்றே மகன் தந்தையை விட்டு நீங்கிவிட்டான். தேவாலயத்துக்குப் போனது பின்னாளில் நடந்த வெளிநிகழ்ச்சி மட்டுமே. பாதிரியார் அவனைக் கவர்ந்து சென்றார் என்று கூறும் ஆசிரியர், கதையின் ஏழாம் அதிகாரத்தை மறுபடியும் படிப்பது நலம்.

மூன்றாவது கூட்டம் ஓசுக்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டு, தம் வழிவழியாய் ஒதுக்கப்பட்டவர்கள்; தன்னுரிமையுடையோருடன் மணவுறவு கொள்ளவோ, ஊர்க்கூட்டத்தில் அமரவோ, தலைமயிரை மழிக்கவோ உரிமை இல்லாதவர்கள். இறந்தாலும் அவர்களைப் புதைப்பது கொடுங்காட்டில்தான். அவர்களுள் இருவர் சபைக்குள் நுழைந்தபோது, ஏற்கெனவே சேர்ந்திருந்தோரே எதிர்த்தனர். கியாகா அசையவில்லை. சேர வந்தோர் சடைபிடித்த தலையை மழித்துவிட வேண்டுமென்று கேட்டார். செத்துவிடுவோமே என்று அஞ்சினர் அவர்கள். மழித்தனர், சாகவில்லை. புதிய சபையினருள் ஒருவர் மட்டும் பழைய சமயத்துக்குத் திரும்பினார், ஏனையோர் நின்றனர். நாவல் முழுவதிலும் கியாகா பேசும் இப்பகுதிக்கு ஈடான துணிவு வேறெந்தக் கிறித்தவப் பாத்திரத்திடமும் காணப்படவில்லை. அவரோ வெள்ளையருமல்லர், உயர்பதவி வகித்தவருமல்லர்.

இவ்வாறு கூறும்போது ஒரு மறுப்பு எழும்; எழுதலும் வேண்டும். எம்பாண்டாவுக்குப் பாதிரியார் வருமுன்னரே அபாமே என்னும் ஊர் அழிந்த செய்தி வந்துவிடுகின்றது. மிதிவண்டியில் வந்த வெள்ளையர் ஒருவரை அவ்வூரார் கொன்றனர். பின்னர்ச் சந்தை நாளில் படையினர் வந்து சூழ்ந்து சுட்டனர். இதற்கு அடிப்படையாக அமைந்தது, 1905இல் அகியாரா என்னும் ஊர்ப்பக்கம் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கில மருத்துவர் கொல்லப்பட்டதும் அதனைத் தொடர்ந்த படைநடவடிக்கையும் ஆகும். ஆகவே, தேவாலயத்தின் பின்னால் துப்பாக்கி நிற்பதை எம்பாண்டா அறியும். பிற்பகுதியில் ஊர்த்தலைவர் அறுவரை மாவட்ட ஆணையர் வஞ்சகமாகப் பிடித்து இருநூறு பை சோழி தண்டம் விதிக்க, ஏவலர்கள் இருநூற்றைம்பது கேட்டு ஐம்பதைத் தமக்கென ஒதுக்கிக்கொள்வர். சமயமும் அரசும் ஒன்றன் தோள்மேல் ஒன்று கைபோட்டு வந்ததை ஆச்சிபி எங்கும் மறைக்கவில்லை. ஆனால் துப்பாக்கி ஊரை அடக்கியதே தவிர, நெக்காவை அது சபைக்கு அனுப்பவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண் வாசகருக்கு வேண்டும்.

பிரௌன், ஸ்மித் என்னும் இரு பாதிரியார்களுள் முன்னவரே உயிருள்ள படைப்பு. பிரௌன் அகுன்னா என்னும் பெரியவரோடு அமர்ந்து கடவுளைப் பற்றி மணிக்கணக்கில் உரையாடுகின்றார். ஒருவரை ஒருவர் மாற்றவில்லை. ஒருவர் நம்பிக்கையை மற்றவர் கற்றுக்கொண்டனர். அந்த உரையாடலிலிருந்து பிரௌன் கண்ட முடிவுதான் கூர்மையானது: நேர்நின்று தாக்கினால் இம்மக்கள் அசையார். உடனே பள்ளிக்கூடமும் சிறு மருத்துவமனையும் கட்டினார். வீடுவீடாகச் சென்று பிள்ளைகளை அனுப்புமாறு வேண்டினார். முதலில் அடிமைகளையும் சோம்பேறிப் பிள்ளைகளையுமே அனுப்பினர். வந்தவர்களுக்குப் பனியனும் துவாலையும் கொடுத்தார். படித்தவன் சில மாதங்களில் நீதிமன்ற எழுத்தராக முடிந்தது. நுவோயே ஐசக் என்னும் பெயர் பெற்று உமுருவிலுள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றான். தேவாலயத்தை விடப் பள்ளிக்கூடமே ஊரை மாற்றியது என்பதை ஆசிரியராகவுள்ள வாசகர் பெருமையோடும் சிறிது கலக்கத்தோடும் படிக்க நேர்கின்றது. ஸ்மித்தோ வெறும் கடுமையின் உருவம். நல்லவர் ஒருவர், தீயவர் ஒருவர் என இணைத்து வைக்கும் எளிய உத்தி இவ்வளவு பெரிய நாவலுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை.

1964இல் வெளிவந்த ‘ஆரோ ஆஃப் காட்’ நாவலில் ஆச்சிபியின் பார்வை இன்னும் கடுமையாகின்றது. உமுவாரோவின் தலைமைப் பூசாரி எசெயூலு, தன் மகன் ஒடுச்சேயை அங்கே தன் கண்ணாக இருக்கட்டும் என்று சபைக்கு அனுப்புகின்றார். மகன் புனித மலைப்பாம்பைப் பெட்டிக்குள் அடைக்கும் அளவுக்குப் போய்விடுகின்றான். வெள்ளையரின் சிறையிலிருந்தமையால் புதுக்கிழங்கு விழாவுக்குரிய நாள் கணக்குப் பிழைத்துவிட்டதென்று எசெயூலு அறுவடைக்கு நாள் குறிக்க மறுக்கின்றார். கிழங்கு மண்ணிலே கெடுகின்றது, ஊர் பசிக்கின்றது. தேவாலயத்துக்குக் காணிக்கை கொண்டுவருவோர் அஞ்சாமல் அறுக்கலாம் என்று உபதேசியார் குட்கண்ட்ரி அறிவிக்கின்றார். எம்பாண்டாவில் ஒதுக்கப்பட்டோர் வந்தனர்; உமுவாரோவில் பசித்தோர் வந்தனர். முன்னதில் கியாகா தம் சபையையே இழக்கத் துணிந்து வாயிலைத் திறந்தார். பின்னதில் குட்கண்ட்ரி வாய்ப்புப் பார்த்துத் திறந்தார்.

இனி, மாணவர் மிகக் குறைவாகப் படிக்கும் ஒரு பகுதி உண்டு. 1960இல் வெளிவந்த இரண்டாவது நாவல் ‘நோ லாங்கர் அட் ஈஸ்’. அதில் நுவோயே முதியவராகி, ஐசக் ஒகொன்க்வோ என்னும் ஓய்வுபெற்ற உபதேசியாராக வாழ்கின்றார். இங்கிலாந்தில் கல்வி கற்றுத் திரும்பிய அவர் மகன் ஓபி, கிளாரா என்னும் தாதியை மணக்க விரும்புகின்றான். கிளாரா ஓசு. கதை நிகழும் அதே காலத்தில், 1956இல், கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஓசு முறையைச் சட்டத்தால் ஒழித்தது. அச்சட்டம் இவ்வீட்டு வாயிலைக் கடக்கவில்லை. இருளில் இருந்த முன்னோர் செய்ததை ஒளி கண்ட நாம் செய்யலாமா என்று மகன் கேட்கின்றான். முன்னொரு காலத்தில் தம் உறவினரிடம் தந்தை பேசியிருக்கக்கூடிய சொற்களே அவை. தந்தை அதனை உணராதவர் அல்லர். தம் தந்தையின் சாபத்தைச் சுமந்துகொண்டு வீட்டைவிட்டு வந்தவர் அவர். ஆயினும், ஓசு என்பது மக்கள் மனத்தில் தொழுநோயைப் போன்றது, பேரப்பிள்ளைகள் காலம்வரை இவ்வடு நீங்காது என்று கூறி மகனை மன்றாடுகின்றார். தாயோ, தான் உயிரோடு இருக்கும்வரை அம்மணம் நடந்தால் தன்னையே மாய்த்துக்கொள்வேன் என்கின்றாள்.

கொடுங்காட்டில் அன்று சபையினரோடு ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருந்த சிறுவன் இவர். கியாகாவின் குரலைக் காதாரக் கேட்டவர். முதலிரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு மட்டுமே இந்த முதியவரின் முகம் முழுமையாகத் தெரியும்.