திரைக்குள் பால்மரம்

மலேசியாவின் ரெம்பாவ் தோட்டப்புறத்துப் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, டிஜிட்டல் வரைபலகையில் வரையப் பழகுகிறவருக்கு முதல் சண்டை கண்ணுக்கும் கைக்கும்தான். கை மேசையில், கண் திரையில். பழகப் பழக இரண்டும் ராசியாகிவிடும்.

அப்புறம்தான் பேனாவின் அருமை தெரியும். வாக்கொம் நிறுவனப் பலகையின் பேனாவுக்குப் பேட்டரி வேண்டாம். பலகையின் மின்காந்தப் புலமே அதை இயக்கும். அழுத்தத்தை 8192 படிகளாகப் பிரித்தறியும் ரகங்களும் உண்டு. மெல்லத் தொட்டால் விடியற்காலைப் பனி, அழுத்தினால் முதிர்ந்த பட்டையின் கருமை!

இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டுக்கோடு, கீழே பால் சேரும் மங்கு, வழியும் பால் எல்லாம் வரையும் மென்பொருளில் தனித்தனி அடுக்கில் இருக்கும். பாலை அழித்து வரைந்தாலும் பட்டை கெடாது. இந்த அடுக்குகளுக்காகவே இக்கலையைக் கற்கலாம் என்பேன்.

இப்படி அடுக்கடுக்காக வரைய உதவும் கிரித்தா மென்பொருள் இலவசம். இன்று செம்பனை சூழ்ந்துவிட்ட தோட்டங்களில் வளர்ந்தவர்களே, பால்மரம் நினைவில் இருக்கும்போதே வரைந்து வையுங்கள்.