தைத்த நன்றி, தைக்காத பெயர்கள்

மனோர் பார்க்கில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலுள்ள பிளாஷெட் பூங்கா தெரிந்திருக்கும். அந்தப் பகுதியிலிருந்த பிளாஷெட் இல்லத்தில் 1809 முதல் 1829 வரை வாழ்ந்தவர் எலிசபெத் ஃப்ரை; 2017 வரை ஐந்து பவுண் தாளில் நாம் பார்த்த முகம். சிறைப் பெண்களுக்காக உழைத்த அவருடைய சங்கம், ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கொரு பை கொடுத்தது. அதில் 100 ஊசி, நூல், கத்தரிக்கோல், 2 இறாத்தல் துணித்துண்டுகள்.

அப்படிக் கிடைத்த துண்டுகளால் ஆனதுதான் 'ராஜா குயில்ட்'. 1841 ஏப்ரலில் ராஜா என்ற கப்பல், தேம்ஸின் அக்கரையில் இருக்கும் வூலிச்சிலிருந்து 180 பெண் கைதிகளுடன் புறப்பட்டு ஜூலையில் ஹோபார்ட் போய்ச் சேர்ந்தது. வழியில் தைத்த இந்த ஒட்டுத்துணிப் போர்வை இன்று ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 2010இல் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்காக லண்டன் வந்துபோனது.

நடுவே வெள்ளைத் துணியில், சீட்டியிலிருந்து வெட்டி ஒட்டித் தைத்த பறவைகளும் பூக்களும்; சுற்றிலும் அடுக்கடுக்காகக் கரைகள். சீட்டிப் பூவேலையைச் சோழமண்டலக் கரையிலிருந்து வாங்கிப் பழகிய இங்கிலாந்து, 1721இல் அதை உடுத்தச் சட்டம் போட்டுத் தடை செய்தது. பின்னர் தன் ஆலைகளில் அச்சடித்து உலகுக்கே விற்றது. கொடைத் துண்டுக்கும் ஒரு பழங்கணக்கு உண்டு.

தையல் எங்கும் ஒரே தரமில்லை. ஓரிடத்தில் நெருக்கம், இன்னோரிடத்தில் தடுமாற்றம். குறையாகச் சொல்லவில்லை, பல கைகள் அங்கேதான் தெரிகின்றன. ஆனால் விளிம்பில் தைத்த வாசகம் அந்தக் கைகளை மறைத்துவிடுகிறது. கொடுத்த சீமாட்டிகளுக்குக் கைதிகள் பணிந்து சொல்லும் நன்றி அது. தைத்தவர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. அந்த நன்றி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் போர்வை முழுவதும் கொடுத்தவரைப் பார்த்தே நிற்கிறது. தைத்தவளைப் பார்க்க நாம் நூலின் கோணலைத் தேடவேண்டியிருக்கிறது.

நமது புலம்பெயர் எழுத்திலும் இந்த விளிம்பு வாசகத்தை அடிக்கடி காண்கிறேன். இடம் தந்த நாட்டுக்கு நன்றி சொல்லும் முன்னுரை, நல்ல அகதியாக நடந்துகொள்ளும் கதாநாயகன். கதை எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் எழுதியவர் உயிரோடு இருக்கிறார்.

எனக்கு இது வெறும் விமர்சனக் கேள்வியல்ல. அம்மம்மா தன் பழைய சீலைகளிலிருந்து வெட்டிவைத்த 42 சதுரத் துண்டுகள் என்னிடம் இருக்கின்றன. சிலவற்றை இரண்டிரண்டாக இணைத்தும் வைத்திருக்கிறார். மாமி தலையணை உறை தைக்கலாம் என்கிறா. மகளுக்கு அவற்றைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்ட விருப்பம். புலம்பெயர் வாழ்வின் அடையாளமாக ஒரு கண்காட்சிக்குத் தரும்படியும் கேட்டிருக்கிறார்கள்.

என்ன செய்வது என்பதைவிட, செய்தது யாரைப் பார்த்து நிற்கும் என்பதே முதற்கேள்வி என்று ராஜா குயில்ட் எனக்குச் சொல்கிறது. ஆகவே அது போர்த்துக்கொள்ளும் போர்வையாகவே இருக்கும். அம்மம்மாவின் கோணல் தையலைப் பிரிக்கமாட்டோம். மகளும் நானும் எங்கள் கோணலையும் அதோடு சேர்ப்போம். பின்பக்கத்தில் நன்றி வாசகம் இராது. தைத்தவர்களின் பெயர்கள் மட்டும், தமிழில்.