கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வீட்டில் கழுவுதல்: ஒரகடச் சூழலில் ஒரு மதிப்பீடு

ஒளிபட்ட படச்சுருளில் கண்ணுக்குப் புலப்படாமல் பதிந்திருக்கும் உருவை வேதிக் கரைசல்களால் வெளிக்கொணர்ந்து நிலைப்படுத்தும் பணியே வழக்கில் ‘பிலிம் கழுவுதல்’ எனப்படுகிறது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் கோடாக் கேமராவை 100 படங்களுக்கான சுருளுடன் விற்று, எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பச் செய்ததிலிருந்து, படம் எடுப்பவரும் கழுவுபவரும் வெவ்வேறு ஆட்களாகத் தொடங்கினர். தமிழ்நாட்டிலோ சிற்றூர் ஸ்டூடியோக்கள் நெடுங்காலம் தமக்கென இருட்டறை வைத்திருந்தன. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்னும் பெயரில் அவற்றுக்குச் சுருளும் தாளும் தந்தது. அந்த ஆலையும் மூடப்பட்டு, ஸ்டூடியோ இருட்டறைகளும் மறைந்துவிட்ட நிலையில், காரும் லாரியும் உருவாகும் ஒரகடத்தில் வசித்துக்கொண்டு பிலிமில் படம் எடுப்பவருக்குப் பெருநகர லேப்பும் தம் வீட்டுக் குளியலறையும் என இரண்டே வழிகள் எஞ்சுகின்றன.

வீட்டுமுறையின் வலிமை அதன் சிக்கனத்தில் இல்லை, வேதியியலில் இருக்கிறது. வண்ண நெகட்டிவ் சுருள்கள் சி-41 என்னும் ஒரே முறையில், 37.8 பாகை வெப்பத்தில், 3 நிமிடம் 15 நொடி என்ற ஒரே கணக்கில் உருத்துலக்கப்படுவதால், அவற்றைக் கழுவுவதில் தனிமனிதரின் தேர்வுக்கு இடம் குறைவு. கறுப்பு வெள்ளையில் அப்படிப்பட்ட பொதுக்கணக்கு கிடையாது. உருவைக் கறுக்கச் செய்யும் கரைசலான டெவலப்பர் எது, அது எவ்வளவு நீர்க்கப்பட்டது, எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பவையே படத்தின் ஒளிநிழல் வேறுபாட்டை நிர்ணயிக்கின்றன. உச்சி வெயிலில் எடுத்த சுருளுக்கு நேரத்தைக் குறைத்து வெண்பகுதிகளைக் காக்கவும், இரவுப்பணி முடிந்து மங்கிய விளக்கொளியில் எடுத்ததற்கு நேரத்தைக் கூட்டவும் வீட்டில் கழுவுபவரால் முடியும். பல சுருள்களை ஒன்றாகக் கழுவும் லேப், எல்லாவற்றுக்கும் ஒரு சராசரியையே வழங்குகிறது. தனிக்கோரிக்கையை ஏற்கும் லேப்புகளிலும் அதைத் தெளிவாக எழுதிக் கொடுக்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையதே.

ஆனால் இந்தச் சுதந்திரத்தைக் குலைக்கும் காரணிகள் ஒரகடத்தில் அதிகம். கழுவும் நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. எச்பி5 பிளஸ் என்னும் கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு, நீர்க்காத டி-76 டெவலப்பரில், அவ்வெப்பத்தில் ஏழரை நிமிடம் வேண்டும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் சுடுநீரில் அந்நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே சுருங்கிவிடுவதால், கரைசல் சுருளெங்கும் சீராகப் பரவுமுன்பே வேலை முடிந்து, படத்தில் திட்டுகள் விழுகின்றன. பனிக்கட்டியிட்ட நீரில் கரைசலைக் குளிர்விப்பதோ, சம அளவு நீர் சேர்த்து நேரத்தை நீட்டுவதோ இதற்குத் தீர்வாகும். எனினும் டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டுக் குழாயின் வெந்நீரில் அலசினால், திடீர் வெப்ப மாற்றத்தால் சுருளின் மேற்பூச்சு சுருங்கி நுண்ணிய வெடிப்புகள் தோன்றக்கூடும். போர்வெல் நீரின் உப்பு காய்ந்த நெகட்டிவில் வெண்புள்ளிகளாகப் படியும்; கடைசி அலசலுக்கேனும் கேன் தண்ணீர் தேவை. கன்டெய்னர் லாரிகள் எழுப்பும் புழுதியோ ஈரமான சுருளில் ஒட்டினால் எளிதில் நீங்காது.

இவற்றைவிடக் கடுமையான குறை கழிவு பற்றியது. ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஹைப்போ கரைசலில், பயன்படுத்தியபின் வெள்ளி தங்கிவிடுகிறது. பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளில் அதைக் கொட்டினால் செப்டிக் டேங்கின் நுண்ணுயிர்களுக்குக் கேடு விளைவதுடன், கசிவு நிலத்தடி நீருக்கும் செல்லும். அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்தை அடைவதால், ஆலைக் கழிவைக் கண்டிக்கும் பகுதியில் வீட்டுக் கழிவுக்கு விலக்குக் கேட்பது முறையாகாது. துருப்பிடிக்கும் வகை இரும்பு நாரைப் பழைய ஹைப்போவில் ஊறவிட்டால், இரும்பு கரைந்து வெள்ளி படியும். அந்தப் படிவைச் சேர்த்துவைத்து வெள்ளி மீட்போரிடம் ஒப்படைக்கலாம்.

லேப்பின் சிறப்பு, ஒரே முடிவைத் திரும்பத் திரும்பத் தருவதிலும், நல்ல ஸ்கேனர் வைத்திருப்பதிலும் உள்ளது. வெப்பமும் கரைசலின் வலுவும் கண்காணிக்கப்படாத லேப்பில் இந்தச் சிறப்பும் இல்லை. கூரியரின் தாமதமும் சேதமும் வேறு.

ஆகவே, வெப்பமானி, அளவுக்குவளை, கழிவுக்கான தனிக் கேன், ஒவ்வொரு சுருளின் விவரத்தையும் எழுதும் குறிப்பேடு ஆகிய நான்கும் உள்ளவருக்கு வீட்டுமுறையே மேலானது; இவை இல்லாதவரும், திருமணம் போன்று மீண்டும் எடுக்க முடியாத நிகழ்வைப் பதிவுசெய்தவரும் லேப்பை நாடுவதே நல்லது. தேர்ச்சி வந்தபின்னும் கழுவுதலை வீட்டிலும் ஸ்கேனிங்கை லேப்பிலும் வைத்துக்கொள்வது ஒரகடத்தில் வசிப்பவருக்கு ஏற்ற ஏற்பாடாகும்.