கூட்டிய முற்றம்

மட்டக்களப்பில் வீட்டோடு சேர்ந்த அமைதியைத் தேடுகிறவர் பூந்தோட்டத்தைத் தேடவேண்டியதில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கல்லடி, ஆரையம்பதி, களுதாவளை என்று தெற்கே நீளும் எழுவான்கரை பெரும்பாலும் மணல்தான். வேலியோரத்தில் வேம்பும் தென்னையும் நிற்க, நடுவில் எதையும் நடாமல் விட்ட மணல் முற்றமே இங்கே மனம் ஆறும் இடம். (வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையின் இறுகிய மண்ணுக்கு நியாயம் வேறு.) விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி முடித்த முற்றத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறிய அரைவட்டங்கள், ஒவ்வொன்றிலும் மயிரிழைக் கீறல்கள். கூட்டுகிறவர் பின்னோக்கி நகர்வதால் அவர் காலடியையும் அவர் கையே அழித்துவிடுகிறது. வேம்பின் வேரடியில் வட்டம் சுருங்குகிறது. கிணற்றடி ஈரத்தில் கீறல் ஆழமாகிறது. அவசரக் கை மணலையும் சேர்த்துக் குவித்துவிடும்; பழகிய கை விளக்குமாற்றைச் சாய்த்துப் பிடித்துச் சருகை மட்டும் நகர்த்தும், மணல் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தத் தேர்ச்சியைக் கைவினை என்று சொல்ல நமக்கு ஏனோ தயக்கம்.

கியோத்தோவில் உள்ள ரியோஆன்ஜி கோயிலின் கல்தோட்டத்தை உலகம் போய்ப் பார்க்கிறது. வாரிய சரளை, நடுவே 15 கற்கள். அங்கே திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம், கால் வைக்க முடியாது. நம்முடைய முற்றத்திலோ ஒன்பது மணிக்குள் காகத்தின் விரல், சைக்கிள் டயர், ஆட்டுக் குளம்பு எல்லாம் பதிந்துவிடும். கலைந்துபோவதற்கென்றே செய்யப்படுவது இது. தினம் கலைவதால்தான் தினம் புதிதாகிறது. இந்த வெறுமைக்குக் காரணம் அழகுணர்ச்சி என்றால் பெத்தாமார் சிரிப்பார்கள். பாம்பு போன தடம் தெரியவேண்டும், இரவில் காலடியில் கிடப்பது தெரியவேண்டும், அவ்வளவுதான். தேவைக்காகக் கூட்டியதில் அழகும் வந்து சேர்ந்தது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

இந்த அமைதிக்கு விலை ஒரு பெண்ணின் முதுகுதானே என்று கேட்டால், அது சரியான கேள்வி. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகப் போகும் ஊர் இது, முற்றம் அவளுடைய சொத்து என்று சமாதானம் சொல்லலாம். சொத்துரிமை முதுகுவலியைத் தீர்க்காது. நீளமான பிடி போட்டால் குனிய வேண்டாம், ஆண்கள் பிடித்தாலும் ஈர்க்கு கூட்டும். சீமெந்து போட்டால் தொல்லையே இல்லை என்பது அடுத்த வாதம். அதை ஏற்க முடியவில்லை. இந்த மணல்திட்டின் அடியில் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதப்பது மழைநீர். கிணற்றில் நாம் அள்ளுவது அதைத்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போயின. மெல்ல மெல்ல அவற்றைத் தேற்றியது பின்னர் பெய்த மாரிமழை. அது நிலத்துக்குள் இறங்கியது மணல் வழியே. சீமெந்து முற்றம் அதே மழையை ரோட்டுக்குத் தள்ளுகிறது. இன்டர்லொக் கல் இடுக்குவழியே கொஞ்சம் விடும், உண்மைதான். ஆனால் வெக்கை? கச்சான் வீசும் மாதங்களில் பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவிலும் விடாது. மணல் மேற்பரப்பு பொழுது சாய்ந்ததும் ஆறத் தொடங்கிவிடும். கடற்காற்று திரும்பும் நேரத்தில் முற்றத்து லைட்டை அணைத்து, பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டால், அதன் நான்கு காலும் மெல்லப் புதையும். அந்த நான்கு குழிகளும் விடியற்காலை ஈர்க்கு படும்வரை அப்படியே கிடக்கும்.