நாற்பதுக்கு மேல் கறுப்பு அங்கி

நடுவயதில் தொழில் மாற நினைப்பவருக்கு நம்மிடம் திறந்திருக்கும் கதவுகள் குறைவு. அவற்றுள் பலரும் தட்டுவது மூன்றாண்டு சட்டப்படிப்பின் கதவு. கையில் ஒரு பட்டமும் தேவையான மதிப்பெண்ணும் இருந்தால் போதும்; முடித்தபின் ஓய்வு வயது இல்லாத தொழில். விருப்ப ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், வருவாய்த்துறையில் பணி முடித்தவர், பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் தனக்கென்று ஒரு வாழ்க்கை தேடும் தாய் எனப் பலர் இப்படி வருகிறார்கள். வரவேற்க வேண்டிய வழக்கம்தான். ஆனால் இன்று அது நடக்கும் விதத்தில், நேர்மையாகப் படிக்க வருபவருக்கே அதிக இழப்பு என்பது என் கருத்து.

இவர்களைத் தடுக்கும் முயற்சிகள் புதியவை அல்ல. 45 வயதைக் கடந்தவர்களை வழக்கறிஞராகப் பதிவு செய்யக்கூடாது என்று இந்திய பார் கவுன்சில் ஒரு விதி வைத்திருந்தது. ஓய்வுபெற்று வருபவர்கள் பழைய செல்வாக்கைக் காட்டி வழக்குப் பிடிப்பார்கள் என்பது அது சொன்ன காரணம். 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. பிறகு 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் மூன்றாண்டுப் படிப்பில் சேர 30 வயதை எல்லையாக்கின. அந்தக் கட்டுப்பாட்டை 2017இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பார் கவுன்சிலின் அச்சத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செல்வாக்கை வயதை வைத்து அளப்பது தவறு. தான் வேலை பார்த்த அலுவலகம் தொடர்பான வழக்குகளைச் சில ஆண்டுகளுக்கு எடுக்கக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தாலே அந்தக் கவலைக்குப் பதிலாகிவிடும்.

இவர்கள் கொண்டுவரும் அறிவு சாதாரணமானதல்ல. நம் உரிமையியல் நீதிமன்றங்களில் குவிந்து கிடப்பவற்றில் நிலத் தகராறுகள் ஏராளம். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகிய நில ஆவணங்களை இருபது ஆண்டுகள் கையாண்டவர் ஒரு பாகப்பிரிவினைக் கட்டைப் பிரித்ததும், உட்பிரிவு எங்கே தவறியது, எந்த ஆண்டு யார் பெயர் எப்படி நுழைந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். சட்டக் கல்லூரி இதைக் கற்றுத் தருவதில்லை. கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முன்னாள் வங்கி மேலாளரும், மருத்துவ அலட்சிய வழக்கில் செவிலியராக இருந்தவரும் இதே போன்றவர்கள். இன்னொரு வாய்ப்பையும் காலம் தந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குப் பிரிவு 302 என்பது 103 ஆனது. மோசடிக்கு 420 என்பது 318க்குப் போனது. முப்பதாண்டு அனுபவமுள்ள சீனியரும் இன்று பிரிவு எண்களைப் புதிதாகப் படிக்கிறார்.

நரைத்த தலைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. கட்சிக்காரர் அதைப் பார்த்து அனுபவசாலி என்று நம்பிவிடுகிறார். ஆனால் குறுக்கு விசாரணையில் எங்கே நிறுத்த வேண்டும் என்பது வேறெந்த அலுவலகத்திலும் கற்க முடியாத வித்தை. அந்த நம்பிக்கையைத் திருத்தாமல் வக்காலத்து வாங்குபவர் கட்சிக்காரருக்குத் தீங்கு செய்கிறார்.

பெரிய ஓட்டை வருகைப் பதிவில் இருக்கிறது. விதிப்படி 70 விழுக்காடு வருகை வேண்டும். தொலைநிலையில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராக முடியாது. வகுப்புகள் இரவு ஏழு மணிக்கு மேல் நடக்கக்கூடாது. பகலெல்லாம் வேலை, மாதச் சம்பளத்தில் குடும்பம் என்றிருப்பவர் என்ன செய்வார்? சிலர் வேலையை விடுகிறார்கள். சிலர், ஆள் வராமலே கையெழுத்து விழும் வெளிமாநிலக் கல்லூரியைத் தேடிப் போகிறார்கள். இரண்டாம் வகையினரை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. பொய்ப் பதிவேட்டில் தொடங்கியவர் நாளை எந்தத் தகுதியில் ஒரு சாட்சியைப் பொய்யர் என்று குற்றம் சாட்டுவார்? அவர்களால் விழும் சந்தேகம், வேலையைத் துறந்து நாள்தோறும் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் மீதும் படிகிறது. இந்தக் கள்ளத்தனத்துக்கு விதியும் ஒரு காரணம். மாலை நேரத்தில், நான்காண்டுகளாக நீட்டி, கறாரான வருகையோடு ஒரு படிப்பை ஏன் அனுமதிக்கக் கூடாது?

படிப்பு முடிந்தபின் வரும் ஜூனியர் காலம் இன்னும் கடினமானது. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞர் தொழில் செய்ய முடியாது. அகில இந்திய பார் தேர்வையும் எழுதியாக வேண்டும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. இந்த இடத்தில் ஓய்வூதியக்காரர் அறியாமல் ஒரு கேடு செய்கிறார். தனக்குப் பணம் முக்கியமில்லை என்று சும்மா வேலை செய்ய முன்வரும்போது, வாடகை கட்ட முடியாமல் திண்டாடும் இருபத்து நான்கு வயது ஜூனியரின் கூலியையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார். ஓய்வூதியக்காரரும் உதவித்தொகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

நீதிபதி ஆகலாம் என்ற ஆசையோடு வருபவர்களும் உண்டு. உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியது. மேல்வயது வரம்பும் இருப்பதால், நாற்பதில் படிக்க வருபவர் அந்தக் கணக்கைப் போடாமலிருப்பது நல்லது. சட்ட அறிவு மட்டும் போதும் என்பவருக்கு வேறு சட்டப் படிப்புகள் இருக்கின்றன. அவற்றை வைத்து அங்கி அணிய முடியாது, அவ்வளவுதான்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வாரம் ஊரிலுள்ள உரிமையியல் நீதிமன்றத்துக்குக் காலை பத்தரைக்கே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள். வாய்தா வாங்கவும், நகல் மனுவுக்காக நிற்கவும், தன்னைவிட இருபது வயது இளைய சீனியருக்குப் பின்னால் கட்டைச் சுமக்கவும் மனம் ஒப்புகிறதா என்பது அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். ஒப்பினால், குடும்பத்துக்கு ஐந்தாறு ஆண்டுச் செலவை ஒதுக்கி வைத்துவிட்டுக் கல்லூரியில் சேருங்கள்.