கிட்டார் பிரசன்னாவை எப்படி ரசிப்பது?

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் மேளக்காரர்களைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கவனியுங்கள். தவில்காரர் தாளத்தை விட்டு எங்கோ போய்விட்டதுபோல் போக்குக் காட்டி, சரியாகச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும்போது, சங்கீதம் படிக்காதவர் தலையும் தானாக ஆடும். ஜாஸ் கேட்கவும் இந்தக் காது போதும். ‘அதெல்லாம் நமக்குப் புரியாது’ என்று ஒதுங்குகிறவர்கள் கிட்டார் கலைஞர் பிரசன்னாவிடமிருந்து தொடங்கலாம்.

அவர் ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். திருவாரூர் பாலசுப்பிரமணியம், வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரி ஆகியோரிடம் கர்னாடக இசை கற்றார். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் முடித்துவிட்டு, பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸும் மேற்கத்திய இசையமைப்பும் படித்தார். அவரைக் கேட்கும்போது கீர்த்தனை, ராக், ஜாஸ் என்ற வரிசையில் போங்கள்.

முதலில் கீர்த்தனை

வாய்ப்பாட்டில் உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு கீர்த்தனையை அவர் வாசித்துக் கேளுங்கள். வீணையில் விரல் வைக்கும் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பவை. தந்தியை இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகம் பிடிக்கத் தாராளமாக இடம் உண்டு. கிட்டாரின் மெட்டுகளோ தாழ்ந்தவை, அதன் கழுத்தும் குறுகல். அதனால் பிரசன்னா தந்தியை வளைப்பதோடு, விரலைத் தந்தியின் நீளவாக்கிலும் வழுக்கிச் செல்கிறார். ஸ்வரத்தைவிட, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் காதை வையுங்கள்.

அடுத்து ராக்

2006இல் வந்த ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ ஆல்பம், ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குச் செலுத்திய மரியாதை. சத்தத்தைக் கண்டு மிரள வேண்டாம். மீட்டிய தந்தியின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். ராக் கிட்டாரின் கரகரப்பு அதை நெடுநேரம் நிற்க வைக்கும். நாகஸ்வரக்காரர் மூச்சுப் பிடித்து நிற்பதைப்போல, அந்த நீண்ட ஒலியின் மேல் கமகம் சவாரி செய்வதைக் கேளுங்கள்.

பிறகு ஜாஸ்

2011இல் வெளியான ‘தீர்த்தா’ ஆல்பத்தில் மூன்றே பேர்: கிட்டாரில் பிரசன்னா, பியானோவில் விஜய் ஐயர், தபலாவில் நிதின் மிட்டா. விஜய் ஐயர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழர், ஹார்வர்டில் பேராசிரியர். இந்தக் குழுவில் பேஸ் கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை.

கச்சேரியில் தம்புரா சுருதி தொடக்கம் முதல் மங்களம் வரை அசையாது. இங்கே பியானோவின் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், மாறிக்கொண்டே இருக்கும். அதே ஸ்வரம் ஒரு கார்டின் மேல் நிம்மதியாக இருக்கும், அடுத்த கார்டின் மேல் தவிக்கும். ஒரே உருப்படியை மூன்று முறை கேளுங்கள்: முதல் முறை கிட்டாரை, இரண்டாம் முறை பியானோவின் இடக்கையை, மூன்றாம் முறை தபலாவை மட்டும். யார் பிரதானம், யார் பக்கவாத்தியம் என்று பிரிக்கப் பார்த்தால் ஏமாறுவீர்கள். அந்த இடம் நிமிடத்துக்கு நிமிடம் கைமாறும்.

இசையமைப்பாளராக அவரை அறிய ‘ஸ்மைல் பிங்கி’ பாருங்கள். 2009இல் ஆஸ்கர் வென்ற இந்தக் குறும் ஆவணப்படத்தில், பிளவுபட்ட உதட்டோடு பிறந்த சிறுமியின் கதைக்குப் பின்னணி இசை அவருடையது.

கையில் தாளம்

2010இல் செய்யூர் அருகே தொடங்கிய ஸ்வர்ணபூமி இசை அகாடமிக்குப் பிரசன்னா தலைமை ஏற்று, ஜாஸ், ராக்கோடு கர்னாடக இசையையும் மாணவர்களிடம் கொண்டுசென்றார். நாமும் கொஞ்சம் மாணவராகலாம். கேட்கும்போது கையில் தாளம் போடுங்கள். தப்பினால் நிறுத்தாமல் அடுத்த சமத்துக்குக் காத்திருங்கள்.

இவ்வளவும் பழகியபின் 1976இல் வந்த ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பத்துக்குப் போங்கள். அதில் கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்லாஃப்லின் ஜாஸிலிருந்து நம் இசைக்கு வந்தவர். கமகத்துக்காக மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டார் அவருடையது. எதிரெதிர்த் திசையிலிருந்து வந்த இருவர் ஒரே ஸ்வரத்தை அசைக்கும் விதத்தில் என்ன வேறுபாடு என்று உங்கள் காதே சொல்லிவிடும்.