பெயர் சொல்லாப் பாட்டு: யூரோவிஷன் வென்ற ‘1944’ குறித்து ஒரு மறுவாசிப்பு

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 2016ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நடைபெற்ற யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில், உக்ரேன் நாட்டின் சார்பில் ஜமாலா பாடிய ‘1944’ என்னும் பாடல் முதலிடம் பெற்றது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956 முதல் நடத்திவரும் இப்போட்டியின் பாடல்களை இலக்கியத் திறனாய்வுக்கு உரியனவாகப் பொதுவாக எவரும் கருதுவதில்லை. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு அம்மதிப்பீடு பொருந்தும் என்பதில் நமக்கும் மாறுபாடில்லை. எனினும் இப்பாடல் விதிவிலக்காக நிற்கிறது. இது வென்ற நாள் முதல் எழுந்த விவாதங்கள் ‘இஃது அரசியல் பாடலா, அன்றா’ என்ற ஒரே வினாவையே பெரிதும் சுற்றி வந்துள்ளன. அவ்வினாவே பாடலைப் பனுவலாக நின்று படிப்பதற்குத் தடையாகிவிட்டது என்பது நம் கருத்து. இப்பாடலின் ஆற்றல் அது கூறுவதைக் காட்டிலும், அது பெயர் சுட்டாது விடுவதிலேயே தங்கியுள்ளது.

தலைப்புக் குறிக்கும் ஆண்டைப் பற்றிச் சுருக்கமாகவேனும் கூறுதல் வேண்டும். கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியத் தீபகற்பம், துருக்கியக் குடும்ப மொழியொன்றைப் பேசும் கிரிமியத் தாத்தார் மக்களின் தாயகம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகளுக்கு உடந்தையாக இருந்தனர் என்னும் குற்றச்சாட்டை அவ்வினத்தார் அனைவர் மீதும் சுமத்திய ஸ்டாலின் அரசு, 1944 மே 18 முதல் 20 வரையிலான மூன்று நாள்களில் 180,000க்கும் மேற்பட்டோரைச் சரக்கு இரயில் பெட்டிகளில் ஏற்றி, உஸ்பெகிஸ்தான் முதலிய தொலைநிலங்களுக்கு அனுப்பியது. ஆடவர் பலர் அவ்வேளையில் செஞ்சேனையிலேயே போரிட்டுக் கொண்டிருந்தனர். ஆதலின் ஏற்றப்பட்டவர்களுள் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே மிகுதி. வழியிலும் புதிய இடத்தில் முதற்சில ஆண்டுகளிலும் பசியாலும் நோயாலும் பல்லாயிரவர் மாண்டனர். பெருந்திரளாகத் தாயகம் மீள 1980களின் இறுதி வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜமாலா 1983இல் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் பிறந்தவர்; தந்தை கிரிமியத் தாத்தார், தாய் ஆர்மீனியர். தம் கொள்ளுப்பாட்டி குழந்தைகளோடு நாடுகடத்தப்பட்டதையும், அக்குழந்தைகளுள் ஒன்று வழியிலேயே இறந்ததையும் அடிப்படையாகக் கொண்டே பாடலை அமைத்ததாக அவர் கூறியுள்ளார். பாடல் எழுதப்பட்டது 2014இல், அதாவது கிரிமியாவை ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்ட ஆண்டில்.

போட்டிக்கென ஒரு யாப்பு உண்டு. பாடல் மூன்று நிமிடத்தைக் கடத்தல் ஆகாது. மேடையில் அறுவருக்கு மேல் நிற்றல் ஆகாது. அரசியல் தன்மை வாய்ந்த சொல்லோ சைகையோ இடம்பெறல் ஆகாது. இறுதியில் கூறிய விதி எவ்வாறு செயற்படும் என்பதற்கு 2009ஆம் ஆண்டின் நிகழ்வு சான்றாகும். அவ்வாண்டுப் போட்டி மாஸ்கோவில் நடைபெற்றது. ரஷ்யாவோடு அதற்கு முந்தைய ஆண்டு போர் புரிந்திருந்த ஜார்ஜியா தேர்ந்தெடுத்த பாடலின் ஆங்கிலத் தலைப்பில், அப்போது ரஷ்யப் பிரதமராக இருந்த புதினின் பெயர் ஒலிக்குமாறு ஒரு சிலேடை அமைக்கப்பட்டிருந்தது. பாடலை மாற்றுமாறு ஒன்றியம் கூறியது. ஜார்ஜியா மறுத்துப் போட்டியினின்று விலகியது. சிலேடை பெயரை மறைப்பது போலக் காட்டி வெளிப்படுத்தும் அணி. கேட்போர் சிரித்தவுடனே அதன் வேலை முடிந்துவிடுகிறது. விதியும் எளிதாக அதனைப் பிடித்துக்கொண்டது.

‘1944’ குறித்தும் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆயினும் பாடலின் தலைப்பிலோ வரிகளிலோ அரசியற் பேச்சு இல்லை என 2016 மார்ச்சில் ஒன்றியம் முடிவு செய்தது. இம்முடிவைச் சூழ்ச்சிக்கு விட்டுக்கொடுத்ததாகக் குறை கூறியோர் உளர். பனுவலை மட்டும் நோக்கின் ஒன்றியத்தின் முடிவு சரியானதே. ஸ்டாலினின் பெயர் பாடலில் இல்லை. சோவியத்து ஒன்றியம் இல்லை. கிரிமியா என்ற சொல்கூட இல்லை. வீட்டுக்கு அந்நியர் வருகின்றனர், கொல்கின்றனர், தம்மீது குற்றமில்லை என்கின்றனர். வந்தவர் யார் என்று பாடல் கூறவில்லை. இதனை விதிக்கு அஞ்சிய அடக்கம் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. பாடலின் தாத்தார் மொழிப் பகுதி, நாடுகடத்தப்பட்ட மக்களிடையே வழங்கிய ‘அழகிய கிரிமியாவே’ எனப் பொருள்படும் தலைப்புடைய பாடலொன்றைத் தழுவியது. மூலப் பாடல் தாயகத்தைப் பெயர் சொல்லி விளிக்கிறது. ஜமாலா எடுத்தாண்ட பகுதியில் அவ்விளி விடுபட்டுள்ளது. ‘தாயகம்’ என்னும் பொதுச்சொல்லே எஞ்சி நிற்கிறது. பெயர் கைவசம் இருந்தும் அது நீக்கப்பட்டிருக்கிறது என்பதே நாம் கருத்திற்கொள்ள வேண்டியது.

இந்நீக்கத்துக்கு வரலாற்றிலும் ஒரு காரணம் காணலாம். மக்களை வெளியேற்றியபின் கிரிமியாவின் தாத்தார் மொழி ஊர்ப்பெயர்களை, விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றைத் தவிர, சோவியத்து அரசு மாற்றி ரஷ்யப் பெயர்களை இட்டது. ஊரும் போயிற்று, ஊரைக் குறித்த சொல்லும் வரைபடத்தினின்று போயிற்று. அத்தகைய மக்கள் தம் இழப்பை எந்தப் பெயரால் சுட்டுவது? ஆண்டு ஒன்றே மாற்றியமைக்க இயலாததாய் எஞ்சுகிறது. ஆகவே தலைப்பிலுள்ள எண் வெறும் காலக்குறிப்பு அன்று; ஊர்ப்பெயரின் இடத்தில் அது நிற்கிறது. பாடல் முழுவதும் வாய் திறவாத பெயர்கள் அனைத்தையும் அந்த நான்கு இலக்கங்கள் கூறிவிடுகின்றன.

தமிழ் கற்பிப்போர்க்கு இங்குப் புறநானூற்றின் 112ஆம் பாட்டு நினைவுக்கு வருதல் இயல்பு. பாரி மகளிர் பாடியதாக வழங்கும் அச்சிறுபாட்டிலும் பெயர் ஏதும் இல்லை. பாரி இல்லை, பறம்பு இல்லை, முற்றுகையிட்ட மூவேந்தருள் எவரும் பெயரால் இல்லை. தந்தை, குன்று, வேந்தர் என்னும் பொதுச்சொற்களே உள்ளன. பெயர் சுட்டாமை அகத்திணையின் மரபாக இருக்க, புறப்பாட்டில் அது நிகழ்வது எண்ணத்தக்கது. அங்கும் இழப்பை அளப்பது காலமே: கடந்த திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் எதிரெதிர் நிறுத்தி, இடையில் போனவற்றைப் பாட்டு உணர்த்துகிறது. பெயர்களை நமக்குத் தருவது பாட்டைச் சார்ந்த பழங்குறிப்பு. ‘1944’இல் அக்குறிப்பின் பணியைத் தலைப்புச் செய்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு உண்டு என்று நாம் கூறவரவில்லை. நிலமிழந்த பெண்ணின் குரல் இரு வேறு காலங்களில் ஒரே வழியைக் கண்டிருக்கிறது என்ற அளவில் இவ்வொப்புமை வகுப்பறைக்குப் பயன்படும்.

இனிப் பாடலின் மொழி. நாட்டின் மொழியிலேயே பாட வேண்டும் என்ற விதி 1966 முதல் 1972 வரையும், 1977 முதல் 1998 வரையும் இப்போட்டியில் இருந்தது. 1999இல் அது நீங்கியதும் ஆங்கிலம் மேடையைக் கைப்பற்றியது. 2007இல் செர்பிய மொழிப் பாடலொன்று வென்றதற்குப் பின், 2015 வரை வென்றவை யாவும் ஆங்கிலப் பாடல்களே. இச்சூழலில் ‘1944’ சரணங்களை ஆங்கிலத்திலும் பல்லவியைக் கிரிமியத் தாத்தார் மொழியிலும் அமைத்துக்கொண்டது. அம்மொழி யூரோவிஷன் மேடையில் ஒலித்தது அதுவே முதன்முறை. யுனெஸ்கோ கடுமையாக அழிவுநிலையிலுள்ள மொழிகளுள் ஒன்றாக அதனைக் குறித்துள்ளது.

ஆங்கிலப் பகுதி கவிதையாகச் சிறக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதற்சரணத்தின் அறிக்கை போன்ற வறண்ட நடைக்கு ஒரு வலிமை உண்டு. ‘உன் வீடு’ என முன்னிலையில் தொடங்குவதால் கேட்பவர் தம் வாசலிலேயே அந்நியரைக் காண்கிறார். ஆனால் மானிடத்தை விளித்து வினவும் இடமும், மக்கள் உரிமையோடு அன்புற்று வாழும் வருங்காலத்தைக் கட்டலாமே எனும் இரண்டாம் சரணமும் இப்போட்டியில் ஆண்டுதோறும் கேட்கும் அமைதிப் பாடல்களின் பொதுச்சரக்கு. அவ்விடத்தில் மட்டும் ஏனைய போட்டியாளர் எவரும் இதனைப் பாடியிருக்கலாம். இதற்கு விலக்காக ஒன்றைக் குறிப்பிடலாம்: ‘என் உயிர்’ எனத் தொடங்கிய வேண்டுகோள் உடனே ‘எம் உயிர்கள்’ எனப் பன்மையாகிறது. ஒரு குடும்பத்தின் கதை ஓர் இனத்தின் கதையாக மாறுவது அந்த ஓர் எண் வேறுபாட்டில்தான்.

பல்லவிக்கு வரும்போது பாடல் வேறொன்றாகிவிடுகிறது. அதன் பொருளைக் கூறுவதாயின், இளமையை நிறைவு தோன்றும் வரை துய்க்க இயலாமற் போயிற்று, இவ்விடத்தில் வாழ இயலாமற் போயிற்று என்பதே. இரண்டு செய்திகளை ஈண்டுச் சுட்ட வேண்டும். நிறைவுறுதலைக் குறிக்க அங்கு ஆளப்படும் வினை உணவால் வயிறு நிறைதலைக் குறிப்பது. இளமையும் தாயகமும் பசி தீர உண்ணப்படாத உணவாக அங்கே உருப்பெறுகின்றன. இளமை என்னும் பெயரும் வாழ்தல் என்னும் வினையும் அம்மொழியில் ஒரே அடியிற் பிறந்தவை. ஆதலின் அடுத்தடுத்து அவை ஒலிக்கும்போது, ஒன்றை இழந்தார் மற்றதையும் இழந்தார் என்பது சொல்லின் ஒலியிலேயே கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இவ்வியைபு வாராது; தமிழிலும் வாராது. அரங்கிலும் தொலைக்காட்சியின் முன்னும் இருந்தோரில் மிகச்சிலரே இதனைப் புரிந்துகொண்டிருப்பர். புரியாதோர்க்கு அது சொற்பொருளின்றி அழுகையாகச் சென்றடைந்தது. பல்லவியை ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தால் புரிதல் பெருகியிருக்கும், அழுகை குறைந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

இசை பற்றிச் சிறிது. ஆர்மீனியரின் துதுக் என்னும் இரட்டைச் சீவாளிக் குழலின் ஒலி பாடலினூடே கேட்கிறது. நாதசுரத்தின் முழக்கம் இதற்கில்லை. மூக்கடைத்த மனிதக் குரல் போன்ற தாழ்ந்த தொனியுடையது. அதன் அடியில் மின்னணுத் தாளம் ஓடுகிறது. பாடலின் பிற்பகுதியில் சொற்கள் அற்றுப்போகின்றன. குரல் மட்டும் உச்சத்தில் நீண்டு அலைகிறது. ஜமாலா கீவ் இசைக்கழகத்தில் ஓபரா பயின்றவர். அப்பயிற்சி இவ்விடத்தில் தெரிகிறது. ஒப்பாரியைக் கேட்டுப் பழகியோர்க்குச் சொல் முடிந்து குரல் தொடரும் அந்தக் கணம் அயலாகத் தோன்றாது.

வாக்குகள் அரசியலால் விழுந்தவை என்ற குற்றச்சாட்டுக்கு எண்களே விடையாகும். நடுவர்களின் மதிப்பெண்ணில் முதலிடம் பெற்றது 320 புள்ளிகளுடன் ஆஸ்திரேலியா. மக்கள் வாக்கில் முதலிடம் பெற்றது 361 புள்ளிகளுடன் ரஷ்யா. உக்ரேன் முன்னதில் 211, பின்னதில் 323 எனப் பெற்று இரண்டிலும் இரண்டாவதாக நின்று, மொத்தம் 534 புள்ளிகளால் வென்றது. ஆஸ்திரேலியா 511, ரஷ்யா 491. அரசியலே முடிவைத் தீர்மானித்திருப்பின் மக்கள் வாக்கில் ரஷ்யா முதலிடம் பெற்றது எவ்வாறு? மேலும் இரு நாட்டு நடுவர்களும் ஒருவருக்கொருவர் ஒரு புள்ளியும் வழங்காதிருக்க, ரஷ்யப் பொதுமக்கள் உக்ரேன் பாடலுக்கு 10 புள்ளிகளும் உக்ரேன் பொதுமக்கள் ரஷ்யப் பாடலுக்கு 12 புள்ளிகளும் அளித்தனர். 2014க்குப் பின்னும் அவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. 2022இல் ரஷ்யா போட்டியினின்று விலக்கப்பட்டபின் அத்தகைய எண்களைக் காணும் வாய்ப்பே இல்லாமற் போயிற்று.

2022 பிப்ரவரியில் முழுப்போர் மூண்டதும் ஜமாலா தம் பிள்ளைகளோடு நாட்டைவிட்டு வெளியேறினார். சில நாள்களில், மார்ச் தொடக்கத்தில், பெர்லினில் நடைபெற்ற ஜெர்மனியின் தேர்வுச் சுற்றில் விருந்தினராக இதே பாடலைப் பாடினார். கொள்ளுப்பாட்டியைப் பற்றிய பாட்டு பாடுபவரையே பற்றியதாகிவிட்டது. ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெயர் சுட்டாது விட்டதன் பயன் அப்போதுதான் முழுமையாக வெளிப்பட்டது எனலாம். அதற்கு அடுத்த ஆண்டு, 2023 மே மாதத்தில், கிரிமியாவின் நாட்டார் பாடல்கள் 14 அடங்கிய இசைத்தொகுப்பொன்றை அவர் வெளியிட்டார். ஸ்டாக்ஹோமில் ஓர் எண்ணை மட்டும் தலைப்பாக வைத்தவர் இத்தொகுப்புக்கு இட்ட பெயர் ‘கிரிம்’. தாத்தார் மொழியில் அந்நிலத்தின் பெயர் அதுவே.